அறிவிப்புப் பலகையை வாசிக்கும் மாணவர்களுக்கு: நான் செய்த தவறுகள்

எங்கள் ஆசிரியர் அறைக்கு வெளியே ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. சென்ற ஆண்டின் பஸ் தடப் பட்டியலைத் தவிர அதில் எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு செமஸ்டரிலும் யாராவது ஒரு மாணவர் அதைக் கால் மணி நேரம் வாசிக்கிறார். உள்ளே வந்து சந்தேகம் கேட்கத் துணிவு வரவில்லை என்று பொருள். நானும் அங்கே நின்றவன்தான். இன்று பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன்.

நேரத்துக்குத் தூங்கு, கைப்பேசியைத் தள்ளி வை என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிட்டு, படிப்பில் வரும் பயத்தையும் தயக்கத்தையும் கையாள்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. உணர்ச்சிகளைக் கையாளத் தெரிந்தவர்கள் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் எடுக்கிறார்கள் என்றது. ‘சற்று’தான், புத்தகத்தைத் திறக்காதவரை எந்தப் பக்குவமும் காப்பாற்றாது.

தோல்வியை மறைப்பது

மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் எனக்கு 46. தேர்ச்சிக்கு 50 வேண்டும். அப்பா கேட்டபோது, “இன்னும் ரிசல்ட் வரவில்லை” என்றேன். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கப் பணம் வேண்டும். பணம் கேட்டால் குட்டு வெளிப்படும். ஆகவே விண்ணப்பிக்கவே இல்லை. அதே 46 வாங்கிய விடுதி நண்பன் நகல் வாங்கிப் பார்த்தான். ஒரு பக்கம் திருத்தப்படாமலே கிடந்தது. மறுமதிப்பீட்டில் தேறிவிட்டான். என் தாளில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தத் தேர்வை இன்னும் நான்கு முறை எழுதினேன். வளாக நேர்காணலுக்கு வந்த நிறுவனங்கள், அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தன. அறைத் தோழர்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்க, நான் ஃபூரியர் தொடரோடு உட்கார்ந்திருந்தேன்.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் முடிந்த மறுநாள் காலையில் வந்து நின்றான்.

“நேற்றே ஏன் வரவில்லை?”

“திட்டுவீர்கள் என்று நினைத்தேன், சார்.”

அந்த ஒரு நாளுக்காக நன்றாகவே திட்டினேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. முந்தைய நாள் அவன் பலகையருகே நின்றதை நானும் பார்த்தேன், கூப்பிடாமல் விட்டேன் என்பது அந்த எரிச்சலில் பாதி.

ரிசல்ட் வந்த அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். பாடம், மதிப்பெண், அடுத்துச் செய்யப்போவது, ஆகும் செலவு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். முதல் தலைமுறையாகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய வீடுகளில், அரியர் என்றாலே படிப்பு போயிற்று என்று கலங்குகிறார்கள். திரும்ப எழுதலாம் என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டும். மதிப்பெண் கூடாவிட்டாலும், எந்தப் படியில் சறுக்கினோம் என்பதை நகல் காட்டிவிடும். பயம் கையை மீறினால் அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம்.

“புரியவில்லை” என்று மட்டும் சொல்வது

எது? போட்டுப் பார்த்த கணக்கை, நின்றுபோன வரியோடு கொண்டுவாருங்கள்.

ஒத்திப்போடுவதைச் சோம்பல் என்று நினைப்பது

மேசையைத் துடைத்து, பேனாக்களை அடுக்கி, துணியும் துவைத்து முடித்தவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? அசைன்மென்டைத் திறந்தால் தெரியாதது தெரிந்துவிடுமே என்ற பயம் அது. முதல் கேள்வியை மட்டும் நோட்டில் எழுதிவிட்டு எழுந்து போங்கள். திரும்பி வரும்போது பாதி பயம் போயிருக்கும்.

தேர்வறை வாசலில் “அது படித்தாயா?” என்று கேட்பது

வேண்டாம்.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. என் வகுப்பிலும் எழுதச் சொன்னேன், கிழித்துப் போடவும் சொன்னேன். ஒருவர் மறந்து மேசையிலேயே விட்டுப் போனார். பாதிப் பக்கம் என்னைப் பற்றித்தான். தேறிவிட்டார்.

புராஜெக்ட்டை ஒருவரே சுமப்பது

சண்டைக்குப் பயந்து, நால்வர் வேலையை ஒருவரே இரவெல்லாம் செய்கிறார். இரண்டாம் வாரமே யார் எந்தப் பகுதி என்று எழுதி, நால்வரும் கையெழுத்திடுங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் ஒரே முகம் நிமிர்ந்தால் எங்களுக்குத் தெரியாதா?

கடைசி வரிசையில் உட்காருவது

உட்காரலாம். அங்கிருந்தும் குரல் எட்டும்.