கஜுராஹோ படங்களைத் தூக்கிவிட்டார்கள்: நான் மீட்ட கதை

கஜுராஹோவின் கந்தாரிய மகாதேவர் கோயிலில், மண்டபத்தையும் கருவறையையும் இணைக்கும் சுவரில்தான் அந்தப் புகழ்பெற்ற மிதுனச் சிற்பங்கள் (ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் சிலைகள்) மூன்று வரிசையாக இருக்கின்றன. நான் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போட்ட படங்கள் 'பாலியல் உள்ளடக்கம்' என்று ஒரே ராத்திரியில் காணாமல் போயின, கணக்குக்கும் எச்சரிக்கை. சந்தேல மன்னர்கள் கட்டி ஏறக்குறைய ஆயிரம் வருஷம், 1986-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தாயிற்று. மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா?

அந்தத் தளத்தின் விதிமுறையைத் தோண்டிப் பார்த்தால் சிலைக்கும் ஓவியத்துக்கும் விலக்கு உண்டு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மேல்முறையீட்டில் அந்த வரியைச் சுட்டிக்காட்டி, கோயில் பெயர், நூற்றாண்டு, கற்சிற்பம் என்று சுருக்கமாக எழுதினேன். புலம்பவில்லை. சில படங்கள் திரும்பி வந்தன.

வராதவை எல்லாமே மாலை வெயிலில் எடுத்த க்ளோசப்கள். அந்த மணற்கல் வெயில் பட்டால் அசல் மனிதத் தோல் நிறம்! சுற்றியுள்ள கல்விளிம்பு, மூளியான கை, மேல்வரிசைத் தெய்வங்கள் எல்லாம் தெரியும்படி அகலமாக வெட்டி, மஞ்சளைக் குறைத்து, முதல் படமாகக் கோயிலின் முழுச் சிகரத்தை வைத்துப் போட்டேன். இதுவரை யாரும் கைவைக்கவில்லை.

2021-இல் வியன்னா சுற்றுலா வாரியம், தன் ஊர் அருங்காட்சியகங்களின் நிர்வாண ஓவியங்களைக் காட்ட, ஆபாசப் படங்களுக்குப் பேர்போன ஒன்லிஃபேன்ஸ் தளத்திலேயே கணக்கு தொடங்கியது. எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. க்ளோசப்களைப் பிடிஎஃப் ஆக்கி, கேட்பவர்களுக்கு மெயிலில் அனுப்பிவிடுகிறேன்.