வன்னியிலிருந்து தொழில்முறைக் கோல்ஃப் வீராங்கனையாக வர விரும்பும் பிள்ளைக்கு

தொழில்முறைக் கோல்ஃபை இலக்காகக் கொள்ளும் வன்னிப் பிள்ளை ஒருத்தி, பராமரிக்கப்பட்ட 18 குழி மைதானத்தில் ஆடுவதற்குத் திருகோணமலைச் சீனன்குடாவுக்கோ, திகன, நுவரெலியா, கொழும்பு போன்ற தொலைவிடங்களுக்கோ போக வேண்டியிருக்கும். ஆயினும் ஆட்டத்தின் பாதியை வீட்டு முற்றத்திலேயே பழகலாம். 18 குழிகளையும் முடிக்க எதிர்பார்க்கப்படும் நியம அடிகள் (‘பார்’) பெரும்பாலும் 72. அவற்றுள் குழிக்கு இரண்டாக 36 அடிகள், பந்தை உருட்டிக் குழியில் விழுத்தும் ‘புட்டிங்’கிற்கென்றே ஒதுக்கப்பட்டவை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், நெடுந்தூரம் அடிப்பதில் பலரைவிடப் பின்தங்கியிருந்தும் பதக்கத்தை நெருங்கியது புட்டிங்கின் துணையால்தான்.

எனவே முதலில் வாங்க வேண்டியது ஒரு புட்டர் மட்டையும் சில பந்துகளும், பழையவையே போதும். சாணி மெழுகி இறுகிய முற்றத்தில் வெற்று ரின்பால் பேணி ஒன்றை, அதன் விளிம்பு நிலமட்டத்துக்கு வரும்படி புதைக்கவும். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். பேணியின் வாய் அதைவிடச் சிறியது என்பதால், அதில் பழகியவளுக்கு உண்மையான குழி அகலமாகத் தெரியும். கண்கள் பந்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும். மணிக்கட்டு மடியாமல் தோள்களே மட்டையை ஆட்ட வேண்டும். மழைநீர் வடிவதற்காக முற்றம் ஒரு பக்கம் சரிந்திருப்பதும் நல்லதே: பந்து எந்தப் பக்கம், எவ்வளவு வளையும் என்பதை அடிக்கு முன்னரே கணிக்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

அடுத்தது ஏழாம் எண் இரும்பு மட்டையும் பந்தைக் குறுந்தூரத்துக்கு உயர்த்தி அடிக்க உதவும் ஒரு ‘வெட்ஜ்’ மட்டையும். போட்டியில் 14 மட்டைகள் வரை கொண்டுசெல்லலாம் என்றாலும் தொடக்கத்தில் முழுத் தொகுதி வாங்குவது வீண் செலவு. மாடு மேய்ந்து புல் கட்டையாகிவிட்ட தரவை (மேய்ச்சல் வெளி) இவற்றால் அடித்துப் பழக ஏற்ற இடம். எல்லே ஆடிய பிள்ளைகளுக்குத் தோள்வலிமை இருக்கும். ஆனால் கையால் ஓங்கி அடிப்பதை விட்டு, இடுப்பும் தோளும் சுழல அடிக்கப் பழக வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: காணாமற்போன பந்தைத் தேட விதி மூன்று நிமிடம் தருகிறது, கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை நிற்கும் பற்றைக்குள் பந்து போனால் அந்த மூன்று நிமிடமும் கிடையாது, விட்டுவிட்டு வர வேண்டும்.

முற்றமும் தரவையும் தரமுடியாதது, நியம அடிகளைவிட ஒருவர் ஏறத்தாழ எத்தனை அடிகள் கூட எடுப்பார் எனக் காட்டும் ஹண்டிகாப் எனும் திறன் எண். அதைப் பெற ஒரு கழகத்தில் உறுப்பினராகி, மைதானத்தில் ஆடிய புள்ளி அட்டைகளை ஒப்படைக்க வேண்டும். தொடக்கத்தில் அது 54 வரை இருக்கலாம். தொழில்முறையை எண்ணுபவள் அதைப் பூச்சியத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும். விடுமுறைதோறும் உறவினர் வீட்டில் தங்கி ஆடும் ஒழுங்கைக் குடும்பம் இப்போதே செய்துகொள்வது நல்லது.

க.பொ.த. உயர்தரத்தையும் ஆங்கிலத்தையும் கைவிடக்கூடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மகளிர் கோல்ஃபிற்குப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. தினமும் மைதானமும் பயிற்சியாளரும் செலவின்றிக் கிடைக்க, எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொழில்முறைக்கு மாறும்வரை அமெச்சூர் (தொழில்முறை சாராத வீராங்கனை) என்ற தகுதியையும் காக்க வேண்டும்: 700 பிரித்தானியப் பவுணுக்கு மேற்பட்ட பரிசை ஏற்றாலோ, பணம் பெற்றுப் பிறருக்குக் கற்பித்தாலோ அத்தகுதி போய்விடும்.

தொழில்முறை வீராங்கனையாக மாறியபின், 1950இல் 13 பெண்கள் நிறுவிய அமெரிக்க மகளிர் சங்கமான எல்பிஜிஏயின் தகுதிச் சுற்றுகளுக்கோ ஐரோப்பிய மகளிர் சுற்றின் தகுதிப் போட்டிக்கோ விண்ணப்பிக்கலாம். எல்பிஜிஏ பொதுவாக 18 வயதை எதிர்பார்க்கிறது. அங்கே மாதச் சம்பளம் கிடையாது. பெரும்பாலான போட்டிகளில் முதல் 36 குழிகளின் முடிவில் மீதிச் சுற்றுகளை ஆடத் தகுதி தரும் வெட்டுக்கோட்டைத் தாண்டாதவர் வெறுங்கையுடன் திரும்புவார், எனினும் பயணம், தங்குமிடம், மட்டைப் பையைச் சுமக்கும் ‘கடி’ எனும் உதவியாளரின் வாரக்கூலி எல்லாவற்றையும் அவரே கொடுத்திருப்பார். அதிதியின் பையை டோக்கியோவில் அவருடைய தாயே சுமந்தார். தொடக்க காலத்தில் உங்கள் வீட்டிலும் ஒருவர் விதிகளைப் படித்து அந்தப் பணியைப் பழகிக்கொண்டால், ஒரு கூலி மிச்சமாகும்.