மரப்பு தெளியும் முன்பே முதல் மாத்திரை

ஈரோட்டில் குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து அன்று மாலையே பெருந்துறைக்கு வீடு திரும்பியபோது, மரப்பு ஊசியின் வேகம் குறையாததால் வலி சிறிதும் தெரியவில்லை. "வலிக்காதப்ப மாத்திரை எதுக்குக் கண்ணு?" என்றார் அம்மா. ஆனால் வலி முற்றிய பிறகு அதை அடக்குவது கடினம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால், அரிசிம்பருப்புச் சோறு உண்டதும் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, தொடக்கத்தில் வலியைப் பாராமல் கடிகாரத்தைப் பார்த்தே மருந்தைத் தொடர்ந்தேன்.

விடியற்காலையில்தான் சிக்கல் வந்தது. படுக்கையிலிருந்து எழுவதே பெரும்பாடாக இருந்ததால், மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, இரவு வேளை மாத்திரையை உறங்கப்போகும் நேரத்துக்குத் தள்ளிக்கொண்டேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதும் நன்றாகவே உதவியது.

மருந்து அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் யாரும் கூடுதல் மாத்திரை போடக் கூடாது. எனக்குத் தந்ததில் அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என்று பொடி எழுத்தில் இருந்தது. வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருந்த 650 மி.கி. மாத்திரையும் அதே பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து என்பதால் அதைத் தொடவில்லை.

கடும் வலிக்கென எழுதித் தந்திருந்த டிரமடால் மலச்சிக்கலைத் தரும். முக்கினால் தையல் இழுபடும். அதனால் மலமிளக்கி மருந்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.