தமிழ்க் கிறிஸ்தவச் சபைகள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சண்டை போட்டுக்கொண்டு சபையை விட்டுப் போகிறவர்களைவிடச் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறவர்களே அதிகம். கோலாலம்பூரில் இது இன்னும் எளிதாக நடக்கும். ஒரு காலத்தில் இரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் ஆலயங்களுக்கு நடந்தே வந்த குடும்பங்கள் இப்போது பூச்சோங், ரவாங், காஜாங் என்று பரந்துவிட்டன. டோல் கட்டி வருகிறவர் இரண்டு ஞாயிறு வராவிட்டால், "டிராஃபிக் ஜாம் போல" என்று சபையாரே காரணம் சொல்லிக்கொள்கிறார்கள்.

பல சபைகளின் பதிவேட்டில் தலை எண்ணிக்கை மட்டுமே இருக்கும். போன வாரம் 120, இந்த வாரமும் 120. இருவாரமும் வந்தது அதே ஆட்களா? எண்ணிக்கை அதைச் சொல்லாது, பெயர்ப்பட்டியல்தான் சொல்லும். வட்டாரம் வாரியாக எட்டுப் பத்துக் குடும்பங்களுக்கு ஒரு பொறுப்பாளரை வைத்தால், ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்திலேயே வராதவர்களைக் குறித்துவிடலாம். ஒரு வாரம் வராதவருக்கு வாட்ஸ்அப் செய்தி போதும். இரண்டாம் வாரம் ஃபோன். மூன்றாம் வாரம் வீட்டுக்கே போக வேண்டும். ஷிஃப்ட் வேலைக்காரர்களின் ஓய்வு நாளை முன்பே கேட்டு எழுதிக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

ஃபோனில் முதல் கேள்வியே "ஏன் வரல?" என்றால் அந்த அழைப்பு வீண். "வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று கேட்டால் வேலை போனது, அம்மாவின் டயாலிசிஸ், கார் கடன் எல்லாம் வெளியே வரும். அதை அன்று மாலையே சபையின் வாட்ஸ்அப் குழுவில் "ஜெபக் குறிப்பு" என்று போடுவது அடுத்த தவறு. சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் பகிர்ந்தால் அது வெறும் வம்புதான், பின்னால் ஆமென் சேர்த்தாலும்.

"போதகர் வந்து பார்க்கலியே" என்ற குறை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் யாத்திராகமம் 18-இல் மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்னது வேறு: ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வை என்றார். சாவு வீடு, ஆஸ்பத்திரி, திருவிருந்து ஆகியவற்றுக்குப் போதகர் போகட்டும். வழக்கமான சந்திப்புகளைப் பொறுப்பாளர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறுதான் போதகருக்கு வேலை அதிகம், அதனால் வாரநாளில் ஒரு நாள் அவரைக் கூப்பிடாமல் விட வேண்டும்.

மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். ஞாயிறு காலை திடீரென்று வேத வாசிப்புக்குக் கூப்பிட்டு, தடுமாறும்போது நாலு பேர் சிரித்தால், அந்தப் பிள்ளை மறுபடி மேடை ஏறாது. பகுதியைச் செவ்வாய்க்கிழமையே கொடுங்கள். பாடல் வரிகளைத் திரையில் காட்டும்போது தமிழ் வரியின் கீழே ரோமன் எழுத்திலும் போடுங்கள்.

காணிக்கையில் இப்போது பெருகிவரும் தவறு, பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்குக்கான கியூஆர் குறியீட்டை ஆலயத்தில் ஒட்டுவது. அவர் நல்லவராகவே இருந்தாலும் சந்தேகம் வந்தால் தப்பிக்க வழியில்லை. கணக்கு சபையின் பெயரில்தான் இருக்க வேண்டும். ரொக்கத்தை உறவினரல்லாத இருவர் அன்றே எண்ணிக் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்ட வேண்டும். 2 கொரிந்தியர் 8:20-21-இல் பவுலும் யாரும் குறைசொல்ல இடம் வைக்காமல்தான் தர்மப்பணத்தைக் கையாண்டார். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிந்த சபைகள், ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தைச் சபைக்குள்ளேயே "பேசி முடிப்பது". மத்தேயு 18:15 இதற்கு மேற்கோளாக வரும். அந்த வசனம் சகோதரருக்கு இடையிலான பிழையைப் பற்றியது, சிறு பிள்ளையைக் குற்றவாளியோடு உட்காரவைக்கச் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தில், இத்தகைய குற்றம் தெரிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பிள்ளை சொன்னதை ஒருமுறை கேட்டு அப்படியே எழுதி வையுங்கள். மூப்பர் ஒவ்வொருவர் முன்னும் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். போலீசிடம் போங்கள், அல்லது அரசின் உதவி எண்ணான தாலியான் காசே (Talian Kasih) 15999-ஐ அழையுங்கள்.