விற்றுப்போன பிராண்டும் பிழையான தொடக்க ஆண்டும்: கம்பனித் தகவலை விக்கிப்பீடியாவில் திருத்தும் முறை

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு மேசையில் இருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு இணைய வேலை செய்கிறேன். போன மாதம் ஆரையம்பதித் தம்பி ஒருவர் அழைத்தார். "அக்கா, பெக்கேஜிங் கம்பனி ஒண்டு வேலை தந்திருக்கு. விக்கிப்பீடியாவில அவங்களப் பத்திப் போட்டிருக்கிற பிராண்ட் பாதி வித்துப்போட்டதாம். தொடங்கின வருசமும் பிழையாம். அழிச்சிட்டுப் புதுசா எழுதட்டாம். செய்யட்டா?"

"வேணாம் தம்பி, கையை வைக்காதீங்க" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். இதே மாதிரி வேலை ஒன்றில் நான் பட்டுத் தெளிந்தவள். கம்பனியின் பெயரிலேயே கணக்குத் திறந்தேன். அவர்கள் அனுப்பிய விளம்பரக் கையேட்டிலிருந்து நாலு பந்தியை அப்படியே ஒட்டினேன். பழைய பிராண்ட் பட்டியலை அழித்தேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது, கணக்கும் முடங்கிவிட்டது. அன்றைக்கு அழுகை வந்தது. பிறகு விதிகளை வாசித்தபோது, என் மாற்றங்களைத் திருப்பிவிட்ட விக்கிப்பீடியாக்காரர் செய்தது முழுக்கச் சரி என்று விளங்கியது.

படி 1: பழசா, பிழையா என்று பிரியுங்கள்

கம்பனி "இது பிழை" என்று அனுப்பும் பட்டியலில் பாதிக்கு மேல் பிழையாக இருக்காது. ஒரு காலத்தில் உண்மையாக இருந்து, இப்போது காலம் கடந்ததாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. பிழையை நீக்க வேண்டும். பழசை நீக்கக் கூடாது, அதற்கு ஆண்டு போட வேண்டும்.

அமெரிக்காவின் போல் கோப்பரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-ல் பஃபலோ நகரில் ஐந்து சகோதரர்கள் தொடங்கியது. தகர டப்பாவில் ஆரம்பித்துப் பிறகு கண்ணாடிப் போத்தலுக்கு மாறினார்கள். ஊறுகாய், பழப்பாகு போட்டு மூடும் 'போல்' போத்தல் அங்கே வீட்டுக்கு வீடு இருந்த சாமான். ஆனால் அந்தப் போத்தல் வியாபாரத்தை 1993-லேயே 'ஆல்ட்ரிஸ்டா' என்ற தனிக் கம்பனியாகப் பிரித்துவிட்டார்கள். அது 'ஜார்டன்' என்று பெயர் மாறி, 2016-ல் 'நியூவெல்' கைக்குப் போனது. போத்தலில் இன்றும் 'போல்' என்றுதான் எழுதியிருக்கிறது. போல் கோப்பரேஷனோ இன்று அலுமினியக் கான் (பானம் அடைக்கும் டப்பா) செய்யும் கம்பனி. 2016-ல் 'ரெக்ஸாம்' என்ற பெரிய கான் கம்பனியை வாங்கியது, 2024-ல் தன் விண்வெளிப் பிரிவை பிஏஈ சிஸ்டம்ஸுக்கு விற்றது.

இப்போது யோசியுங்கள். எங்கோ ஒரு பக்கத்தில் "போல் கோப்பரேஷன் வீட்டு ஊறுகாய்ப் போத்தல் விற்கிறது" என்று இருந்தால், அந்த வரியை அழித்தால் என்ன மிஞ்சும்? கம்பனிக்குப் பெயர் வாங்கித் தந்த நூறு வருடக் கதை போய்விடும். "1993 வரை விற்றது, பின்னர் அந்தப் பிரிவு தனியானது" என்று இரண்டு சொல் சேர்த்தால் கதையும் நிற்கும், இன்றைய நிலையும் விளங்கும். வாடிக்கையாளர் "பழசு எல்லாத்தையும் தூக்குங்க" என்று நிற்பார். அங்கே நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். விற்றுப்போன பிராண்டில் வேலை செய்தவர்களும் அதை வாங்கிப் பாவித்தவர்களும் இருக்கிறார்கள், அது அவர்களின் வரலாறும்தான்.

ஒரு தாளில் மூன்று நிரல் கீறுங்கள். இப்போது பக்கத்தில் இருப்பது, அது பழசா பிழையா, எந்த ஆண்டு மாறியது. இந்தத் தாள் முடியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: பிராண்ட் எது, கம்பனி எது, குழுமம் எது

இதில் குழம்புபவர்கள்தான் அதிகம். நம் கடைகளில் பால் வரும் 'டெட்ரா பேக்' பெட்டியைப் பாருங்கள். டெட்ரா பேக் 1951-ல் சுவீடனின் லுண்ட் நகரில் ரூபன் ரவுசிங் தொடங்கிய கம்பனி. 1991-ல் அது ஆல்ஃபா லவால் என்ற இயந்திரக் கம்பனியை வாங்கியது. 1993-ல் 'டெட்ரா லவால்' என்ற குழுமம் உருவானது, டெட்ரா பேக் அதன் ஒரு பகுதி. "டெட்ரா லவால் 1951-ல் தொடங்கியது" என்று எழுதினால் பிழை. பெட்டியின் வெளியில் அச்சிட்டிருக்கும் பால் பெயரோ வேறு கம்பனியின் பிராண்ட். உங்கள் தாளில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இந்த மூன்றில் எது என்று குறித்துவிடுங்கள்.

படி 3: ஆதாரம் தேடுங்கள்

முழு வேலையின் பாரமும் இங்கேதான். "முதலாளியே சொன்னார்" என்பது ஆதாரமல்ல. யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய, அச்சிலோ இணையத்திலோ வெளியான ஒன்று வேண்டும்.

கம்பனியின் ஆண்டறிக்கையைப் பாவிக்கலாம், ஆனால் தலைமையகம் எங்கே, பணிப்பாளர் யார் போன்ற சர்ச்சையில்லாத விடயங்களுக்கு மட்டும். பிராண்டை வாங்கியது விற்றது பற்றி என்றால் பத்திரிகைச் செய்தி ஒன்று கட்டாயம் தேடுங்கள். கம்பனி அனுப்பிய அறிக்கையை ஒரு பத்திரிகை எழுத்து மாறாமல் போட்டிருந்தால், அது கம்பனியின் குரல்தான். பத்திரிகையாளர் தானாக விசாரித்து எழுதியதற்குத்தான் மதிப்பு.

கம்பனி தன் இணையத்தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய அறிவித்தல்கள் காணாமல் போகும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் 'வேபேக் மெஷின்' தளத்தில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள், பல தடவை கிடைக்கும். இன்று கிடைக்கும் பக்கத்தையும் அங்கே சேமித்து வையுங்கள், நாளைக்கு அதுவும் போகலாம்.

தொடக்க ஆண்டு தனிப் பிரச்சினை. தாத்தா கடை திறந்த ஆண்டு ஒன்று, கம்பனியாகப் பதிந்த ஆண்டு ஒன்று, இன்றைய பெயர் வந்த ஆண்டு இன்னொன்று. இலங்கைக் கம்பனி என்றால் இன்னொரு பொறியும் உண்டு. 2007-ம் ஆண்டின் 7-ம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வந்தபோது பழைய கம்பனிகள் மறுபடி பதிந்து புதிய இலக்கம் எடுத்தன. அந்தச் சான்றிதழின் திகதியைத் தொடக்க ஆண்டாக எழுதினால் ஐம்பது வயதுக் கம்பனி ஒரே நாளில் குழந்தையாகிவிடும். பிராண்டுக்கும் அப்படித்தான். வணிகக் குறிப் பதிவு இங்கே பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த திகதி பிராண்ட் பிறந்த திகதி அல்ல.

படி 4: யார் என்று சொல்லுங்கள்

கணக்கை உங்கள் சொந்தப் பெயரிலோ புனைபெயரிலோ திறவுங்கள், கம்பனியின் பெயரில் வேண்டாம். பயனர் பக்கத்தில் முதல் வேலையாக, யார் உங்களுக்குச் சம்பளம் தருகிறார், யாருக்காகச் செய்கிறீர்கள், உங்களுக்கும் அந்தக் கம்பனிக்கும் என்ன தொடர்பு, மூன்றையும் எழுதிவிடுங்கள். காசு வாங்கித் திருத்துபவர் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் 2014-ல் தன் பாவனை விதிகளிலேயே சேர்த்துவிட்டது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மறைத்துப் பிடிபட்டால்தான் உங்கள் பெயரும் கம்பனியின் பெயரும் சேர்ந்து கெடும்.

படி 5: கோரிக்கை எழுதுங்கள்

கட்டுரையைத் திறந்து, மேலே உள்ள உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். கட்டுரைக்குள் கை வைக்காமல், அங்கே ஒரு கோரிக்கை வையுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 'எடிட் ரிக்வெஸ்ட் விசார்ட்' என்ற வழிகாட்டி உண்டு, புதியவர்களுக்கு அதுதான் லேசு. தமிழ் விக்கிப்பீடியா என்றால் உரையாடல் பக்கத்தில் எழுதி, சில நாளில் பதில் வராவிட்டால் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம்.

எழுதும் அமைப்பு இப்படி இருக்கட்டும். ஆங்கிலக் கட்டுரைக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், இங்கே விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்:

> வணக்கம். இந்தக் கம்பனியிடம் சம்பளம் பெற்று இதைக் கேட்கிறேன், விபரம் என் பயனர் பக்கத்தில் உண்டு.
>
> இப்போது உள்ள வரி ('வரலாறு', இரண்டாம் பந்தி): "கம்பனி இன்ன பிராண்டில் கண்ணாடிப் போத்தல் விற்கிறது."
>
> கேட்கும் வரி: "கம்பனி இன்ன பிராண்டில் கண்ணாடிப் போத்தல் விற்றுவந்தது. இன்ன ஆண்டில் அப்பிரிவை இன்ன கம்பனிக்கு விற்றது."
>
> காரணம்: விற்பனை நடந்துவிட்டது, பக்கம் அதற்கு முந்தியது.
>
> ஆதாரம்: பத்திரிகையின் பெயர், திகதி, இணைப்பு.

ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம். பதினைந்தை ஒன்றாகக் கட்டிப் போட்டால், சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் வந்து பார்க்கும் மனிதர் அதைத் திறக்கவே யோசிப்பார். "முன்னணி", "உலகத்தரம்", "நம்பிக்கையின் மறுபெயர்" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். நான் எழுதியதை எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். கடைக்காரன் கூவுவது மாதிரிக் கேட்குது என்று அவர் சொன்னால் அந்த வரி போய்விடும்.

படி 6: காத்திருங்கள்

பதில் சில நாளிலும் வரும், மாதக்கணக்கும் ஆகும். இதை வேலை எடுக்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லி வையுங்கள். மறுத்தால் காரணத்தை வாசித்து, ஆதாரத்தைத் திருத்தி, மறுபடி கேளுங்கள். பொறுமை போய் நண்பரின் கணக்கிலிருந்து நீங்களே மாற்றிவிடாதீர்கள், அது பெரிய குற்றம்.

ஏற்றுக்கொண்ட பிறகு, விக்கிப்பீடியாவின் கூட்டுத் தளமான விக்கித்தரவையும் (தகவல்களைப் பட்டியலாக வைத்திருக்கும் தரவுத்தளம்) பாருங்கள். கூகிள் தேடலில் வலப்பக்கம் வரும் பெட்டி இப்படிப்பட்ட இடங்களிலிருந்தும் தகவல் எடுக்கிறது. அங்கேயும் கோரிக்கை உரையாடல் பக்கத்தில்தான். அங்கேயும் பழைய பிராண்ட் வரியை அழிக்கக் கேட்காமல், அது முடிந்த ஆண்டைச் சேர்க்கக் கேளுங்கள். அதற்கென்றே தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

நம்மூர்ச் சிறு கம்பனி என்றால்?

அரிசிப் பை தைக்கும், மட்டைப் பெட்டி செய்யும் நம்மூர் வியாபாரம் பலதுக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை இராது. வெளியார் எழுதிய செய்திகள் போதியளவு இல்லாமல் கட்டுரை தொடங்கவும் வேண்டாம், நீக்கிவிடுவார்கள். கூகிள் வரைபடத்தில் உள்ள வியாபாரப் பக்கம், சொந்த இணையத்தளம், முகநூல், இந்த மூன்றையும் முதலாளியே நேராகத் திருத்தலாம். இலங்கையில் 2017 செப்டம்பர் 1-லிருந்து பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரிஜிஃபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடை. இன்னும் அதைத் "தயாரிக்கிறோம்" என்று ஒரு கம்பனியின் பக்கம் சொன்னால், படிப்பவர் அது சட்டத்தை மீறுகிறது என்றே நினைப்பார். "2017 வரை" என்று சேர்க்க ஒரு நிமிடம் போதும்.

கை பழக வேண்டும் என்றால், காசு வாங்கிய கட்டுரையில் பழகாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் நம் மாவட்டத்து இடம் ஒன்றை எடுங்கள். வைக்கோலில் கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையைப் பற்றி ஏதாவது ஒரு வரிக்கு, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் 'நூலகம்' தளத்தில் உள்ள பழைய இதழொன்றிலிருந்து ஆதாரம் தேடிச் சேருங்கள். உங்கள் அப்பாவோ மாமாவோ அந்த ஆலையில் வேலை செய்திருந்தால், அதையும் உரையாடல் பக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.