வெர்மான்ட்டில் அதிபர் தேர்தல்: முடிவு தெரிந்த மாநிலத்தில் வாக்களிப்பது எப்படி

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள சிறிய மாநிலமான வெர்மான்ட்டில் அதிபர் தேர்தல் முடிவுக்காக யாரும் கண்விழிப்பதில்லை. 2024 நவம்பர் 5 அன்று மாலை 7 மணிக்கு வாக்குச்சாவடிகளை மூடினார்கள். மூடிய கையோடு, ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் வென்றதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. அதிபரை முடிவு செய்பவை மாநிலங்களுக்கு ஒதுக்கிய தேர்வாளர் வாக்குகள்; இந்த மாநிலத்துக்கு இருப்பதே மூன்று. 1992 முதல் அவை ஜனநாயகக் கட்சிக்கே போகின்றன. 1856 முதல் 1960 வரை ஒரு தேர்தல் விடாமல் குடியரசுக் கட்சிக்குப் போயின. 1936இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் நாட்டையே வாரிக்கொண்டு போனபோது மசியாமல் நின்றவை மெயினும் வெர்மான்ட்டும் மட்டும்தான். கட்சி மாறியிருக்கிறது, ஒரே பக்கம் சாயும் குணம் மாறவில்லை.

எசெக்ஸ் ஜங்ஷன் சிப் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, குடியுரிமையும் வாங்கிவிட்ட நம்மவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும், அக்கா?” தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் உதவிக்கு உட்காருபவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். மெனக்கெட வேண்டிய இடம் அதிபர் பெயர்கள் இருக்கும் வாக்குச்சீட்டின் உச்சியில் இல்லை, கீழே இருக்கிறது என்பேன்.

முதலில் பதிவு. இணையத்திலோ உங்கள் ஊரின் பதிவேடுகளையும் தேர்தலையும் கவனிக்கும் டவுன் கிளார்க் அலுவலகத்திலோ பதியலாம்; தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலேயே பதிந்து வாக்களிக்கவும் முடியும். பதியும்போது வாக்காளர் உறுதிமொழி ஒன்று உண்டு: எவருக்கும் அஞ்சாமல், எவருக்கும் சாயாமல், மாநிலத்தின் நன்மைக்கு எது சிறந்தது என்று மனசாட்சி சொல்கிறதோ அதற்கே வாக்களிப்பேன் என்று. பழங்காலத்து வாசகம். படிக்காமல் டிக் செய்துவிட்டுப் போகாதீர்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவும் சேர்ந்தே நடக்கும். குடிமகனா என்ற கேள்விக்குக் கைதவறி ‘ஆம்’ போட்டால் பிற்பாடு குடியுரிமைக்கே உலை வைத்துவிடும். ஆனால் பர்லிங்டன், வினூஸ்கி, மான்ட்பிலியர் ஆகிய நகரங்களில் குடிமக்கள் அல்லாத சட்டபூர்வ வாசிகள் நகராட்சித் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

அடுத்தது மார்ச் மாதம். ஒவ்வொரு கட்சியும் தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு, ஊர் விவகாரங்களை மக்கள் முடிவு செய்யும் டவுன் மீட்டிங் நாளான மார்ச் முதல் செவ்வாயன்று நடக்கிறது. இங்கே கட்சி வாரியான பதிவு கிடையாது. இரண்டு கட்சிச் சீட்டுகளில் எது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எந்தச் சீட்டை வாங்கினீர்கள் என்பது பதிவாகும், யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். நவம்பரில் முடிவு தெரிந்துவிட்ட மாநிலத்தில் உண்மையான போட்டி சில சமயம் இங்கேதான் நடக்கிறது. 2024இல் குடியரசுக் கட்சிக்குள் டிரம்ப்பை எதிர்த்து நிக்கி ஹேலி வென்ற ஒரே மாநிலம் வெர்மான்ட். மார்ச் சீட்டு தானாக வீட்டுக்கு வராது. தபாலில் வேண்டுமென்றால் கிளார்க்கிடம் கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் சீட்டு, பதிவில் உள்ள எல்லோருக்கும் தபாலில் வந்துவிடும். இங்கேதான் கவனம் தேவை. நிரப்பிய சீட்டை முதலில் உள் உறையில் வைக்க வேண்டும். அதன் மேல் உறுதிச் சான்று அச்சிட்டிருக்கும். அதில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அந்த உறையை வெளி உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். கணவன் சீட்டுக்கு மனைவி உறையும், மனைவி சீட்டுக்குக் கணவன் உறையுமாக மாற்றி வைக்கும் வீடுகள் உண்டு. மேசையில் ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் தொடங்குவது நல்லது. கையெழுத்து இல்லாவிட்டால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு, ஆனால் அது கடைசி நேர ஓட்டம். தேர்தல் நாள் மாலை 7 மணிக்குள் சீட்டு கிளார்க் கைக்கு வந்தாக வேண்டும், தபால் முத்திரைத் தேதி செல்லாது. கடைசி வாரத்தில் தபாலை நம்பாமல் நேரில் கொடுத்துவிடுங்கள். வாக்குச்சாவடிக்கே போக நினைத்தால் வீட்டுக்கு வந்த சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பெயரும் முகவரியும் சொன்னால் பட்டியலில் குறித்துக்கொள்வார்கள். விரலில் மை இல்லை, பொதுவாக அடையாள அட்டையும் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டோடு வந்து நீட்டுபவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்.

இனி, சீட்டை நிரப்பும் முறை. நான் கீழிருந்து மேலே போவேன். அதிபர் தேர்தல் ஆண்டுச் சீட்டின் அடியில் ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ என்ற பதவிக்கு ஒரு கூட்டமே நிற்கும். கல்யாணம் செய்துவைப்பவர்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வாக்கு எண்ணும் மேசையில் உட்காருபவர்களும், உங்கள் சொத்து வரி மேல்முறையீட்டைக் கேட்கும் ஊர்க்குழுவில் இருப்பவர்களும் அவர்களே. எத்தனை பேருக்குப் போடலாம் என்று தலைப்பில் இருக்கும். அந்த எண்ணிக்கையைத் தாண்டினால் அந்தப் பகுதி வாக்கு முழுவதும் வீண்.

அதற்கு மேலே மாநிலச் சட்டமன்றம். 2024 ஜூனில் சொத்து வரி மசோதாவை ஆளுநர் ஃபில் ஸ்காட் தடுத்தார். மூன்றில் இரண்டு பங்கு பலம் இருந்ததால் சட்டமன்றம் அந்தத் தடையை மீறி அதை நிறைவேற்றியது. வரிச்சீட்டைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நவம்பரில் பதில் சொன்னார்கள்: இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சி அந்தப் பலத்தை இழந்தது. வெள்ளை மாளிகைக்கு யார் போவது என்பதில் வெர்மான்ட் வாக்குக்கு என்ன எடையோ தெரியாது, என் வரிச்சீட்டின் மீது அதற்கு இருக்கும் எடையைக் கண்ணால் பார்த்தேன்.

அதிபருக்கான பகுதி கடைசியில். பட்டியலில் உள்ள யாரும் பிடிக்கவில்லையென்றால் பெயரை எழுதிப் போடலாம். 2016இல் 18,000க்கும் மேற்பட்டோர் வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பெயரை எழுதினார்கள். ஹிலாரி கிளின்டன் எப்படியும் ஜெயிப்பார் என்ற தைரியம்தான்! இழுபறி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இந்த சொகுசு கிடையாது. எழுதினால் பக்கத்தில் உள்ள வட்டத்தையும் நிரப்புங்கள்.

முடிவு வந்ததும் ஜெயித்தது யார் என்று தேடாதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். 2020இல் பைடனுக்கு 66 சதவீதம், 2024இல் ஹாரிசுக்கு 63. கனடா எல்லையோர ஆர்லின்ஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) 2024இல் டிரம்ப் பக்கம் போனது. அதற்கு முந்தைய தேர்தலில் அவருக்குக் கிடைத்தது எசெக்ஸ் கவுண்டி ஒன்றுதான். அந்த எசெக்ஸ் வடகிழக்கு மூலையில் காடும் மலையுமான இடம். நாம் குடியிருக்கும் எசெக்ஸ், சிட்டன்டன் கவுண்டியில் உள்ள ஊர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு “உங்கள் ஊர் சிவப்பாமே” (குடியரசுக் கட்சியின் நிறம்) என்று நியூஜெர்சியிலிருந்து அழைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு மாநிலச் செயலர் வெளியிடும் ஊர் வாரியான பட்டியலைத் திறந்து, உங்கள் ஊருக்கு நேரே அதிபர், ஆளுநர் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024இல் குடியரசுக் கட்சிக்காரரான ஸ்காட் மாநிலம் முழுவதும் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், அதே சீட்டில் டிரம்ப்புக்குக் கிடைத்தது 32.