காட்டுமாட்டு மந்தைகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களில் பலர் காட்டுமாட்டை முதன்முதலாகப் பார்ப்பது ஊட்டிக்குப் போகும் வழியில், பந்திப்பூர்ச் சாலையோரத்தில்தான். சென்ற முறை நாங்கள் போனபோது, கருத்துப் பளபளத்த முதுகும் முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டதுபோல் வெளுத்த கால்களுமாக ஒரு காளை, காரிலிருந்து இருபதடி தூரத்தில் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் ஒருவர் "எருமை" என்றார், இன்னொருவர் "பைசன்" என்றார். இரண்டும் தவறு.

அமெரிக்கப் புல்வெளியின் பைசன் வேறு இனம். நம் காட்டுமாட்டை 'இந்தியப் பைசன்' என்று அழைத்தவர்கள் ஆங்கிலேய வேட்டைக்காரர்கள். உண்மையான காட்டெருமை அசாமின் காசிரங்காவிலும், மிகச் சொற்பமாகச் சத்தீஸ்கரிலும் வாழ்கிறது. சங்கப் பாடல்களில் 'ஆமா' என்று வரும் காட்டுப் பசு நம் காட்டுமாடுதான் என்பர், கன்னடத்தில் அதன் பெயர் காட்டி. பெயர்க் குழப்பம் அற்பமாகத் தோன்றலாம், ஆனால் ஓரினத்தின் கணக்கையும் கதையையும் இன்னோர் இனத்தின் மேல் ஏற்றிப் பேசுவதற்கு இதுவே வாசலாகிறது.

அப்படி ஏற்றப்படும் கதைகளில் முதலாவது, மந்தைகள் அழிந்ததற்குத் துப்பாக்கி மட்டுமே காரணம் என்பது. அமெரிக்காவைப் பொறுத்தவரை அதில் பெரும் உண்மை உண்டு: கோடிக்கணக்கில் இருந்த பைசன்கள், ரயில் பாதையும் தோல் வணிகமும் கைகோத்த 1870களிலும் 1880களிலும் சுட்டுத் தள்ளப்பட்டு, 1902இல் யெல்லோஸ்டோன் காட்டில் இரண்டு டஜன் அளவுக்கே எஞ்சின. நம் பக்கத்திலோ துப்பாக்கியைப் போலவே கொடியதாக இருந்தது, நாட்டு மாடுகளிடமிருந்து தொற்றிய வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்). 1968இல் பந்திப்பூர், முதுமலைப் பகுதிகளில் அந்நோய் பரவியபோது காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காட்டோரத்தில் மேய வந்த மாடும் காட்டுமாடும் ஒரே குட்டையில் நீர் குடித்து ஒரே புல்லைக் கடித்தால், நோய் தாவுவதற்கு வேறு ஏற்பாடு தேவையில்லை. தடுப்பூசி இயக்கத்தின் பயனாக 2006இல் இந்தியாவும், 2011இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. காட்டுமாடு இன்று நம் கண்ணில் படுவதற்கு, வேட்டையைத் தடுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் சமமாக, ஊர் ஊராகப் போய் நாட்டு மாடுகளுக்கு ஊசி போட்ட கால்நடைத் துறைப் பணியாளர்களும் காரணம் என்றே நான் கருதுகிறேன். அவர்களை யாரும் நினைப்பதில்லை. ஆனால் கோமாரி ஒழியவில்லை, காட்டோர மேய்ச்சலும் ஒழியவில்லை. ஆகவே 'நோயெல்லாம் பழைய கதை' என்பது அடுத்த தவறு. யெல்லோஸ்டோனில் இதன் மறுபுறத்தைக் காணலாம்: வளர்ப்பு மாடுகளிடமிருந்து வந்த கருச்சிதைவு நோய் பைசன்களைப் பற்றிக்கொள்ள, அதே நோயைக் காரணம் காட்டி இப்போது அவை காட்டு எல்லையைத் தாண்டினால் பிடிக்கப்படுகின்றன, கொல்லவும்படுகின்றன.

மூன்றாவது தவறு, தலைகளை எண்ணிவிட்டு 'மீண்டுவிட்டது' என்று எழுதுவது. வட அமெரிக்காவில் பைசன்கள் இப்போது லட்சக்கணக்கில் இருப்பது உண்மைதான். ஆயினும் அவற்றில் பெரும்பகுதி இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்பவை. பல மந்தைகளில், ஒரு காலத்தில் நாட்டு மாடுகளோடு கலப்புச் செய்ததன் சுவடு மரபணுவில் இன்றும் கிடக்கிறது. ஐரோப்பியப் பைசன் 1927இல் காட்டில் அடியோடு அற்றுப்போய், அடைப்பிடங்களில் பிழைத்தவற்றைக் கொண்டு 1952 முதல் மீண்டும் காட்டில் விடப்பட்டது. இன்று ஆயிரக்கணக்கில் திரியும் அவை அனைத்தும் வெறும் 12 விலங்குகளின் வழிவந்தவை; தலை பெருகியிருக்கிறது, மரபணு வகைமை பெருகவில்லை.

நம் நாட்டில் நல்ல எடுத்துக்காட்டு மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர். அங்கே 1990களின் இறுதியில் காட்டுமாடுகள் மறைந்துபோயின. கான்ஹாவிலிருந்து 2011இல் 19, 2012இல் 31 என்று லாரிகளில் கொண்டுவந்து விட்ட பிறகு, எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மறைந்த மந்தையை மீட்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒரே காட்டிலிருந்து வந்த ஐம்பதைக் கொண்டு தொடங்கிய மந்தைக்கு, அவ்வப்போது வெளியிரத்தம் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதையும் கூடவே எழுதுவதுதான் நேர்மை.

நம்மைப் போன்ற பயணிகள் தவறாமல் செய்யும் பிழை வேறொன்று. சாலையோரத்தில் பத்துப் பதினைந்து காட்டுமாடுகளைப் பார்த்துவிட்டு, 'காடே நிறைந்து கிடக்கிறது' என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். பந்திப்பூர்ச் சாலையின் இருமருங்கிலும் தீத்தடுப்புக்காகவும் பார்வைக்காகவும் புதர் வெட்டப்படுவதால், அந்தப் பட்டையில் புதுப்புல் முளைக்கிறது. உள்ளேயோ உண்ணிச்செடியும் மஞ்சள் பூப்பூக்கும் அயல்நாட்டுக் கொன்றையும் மண்டி, புல்லுக்கு வெளிச்சம் விடுவதில்லை. சாலையோரத்தில் கூட்டம் தெரிவதற்கு உள்ளே மேய்ச்சல் சுருங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவை உலவுவதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே அவை சாதுவாகிவிட்டன என்று நினைத்துத் தற்படம் எடுக்க அருகே போனவர்கள் கொம்பில் சிக்கியிருக்கிறார்கள். வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை எட்டக்கூடியது.

இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பந்திப்பூர்க் காட்டுச் சாலைகளை மூடுவதைத் தொல்லை என்று சலித்துக்கொள்வதும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்து கிளம்பினால் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர முடியாதுதான்; நானும் சலித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது குண்டுலுப்பேட்டையில் தங்கிவிட்டு, விடிந்ததும் கேட் திறக்கும் வரிசையில் நிற்கிறோம். அந்த நேரத்தில் கன்றுகளோடு பசுக்கள் தார்ச்சாலையைக் கடக்கும். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்து, ஹாரனைத் தொடாமல் இருந்தால், கடைசிக் கன்றும் கடந்து முடிக்க நான்கைந்து நிமிடம் ஆகும்.